கண்மாய்க்கு மேலே நின்ற விமானம்

மூக்கூரணியில விமானம் விழுந்துச்சுன்னு பேப்பர்ல எழுதினவன் எவனோ, அவன் எங்க ஊர்ப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கலை. அது விழலை. எறங்கவும் இல்லை. வந்துச்சு, எங்க கண்மாய்க்கு மேல, கரையில நிக்கிற ஒத்தப் பனைக்குப் பக்கத்துல, பனையோட கழுத்து ஒசரத்துல நின்னுச்சு, அம்புட்டுத்தான். நான் மெயின்ரோட்டுல இருந்து ஊருக்குப் பிரியிற விலக்குல இட்லிக்கடை வச்சிருக்கிற இருளாயி. சாம்பார்ல தண்ணி ஊத்துவேன், அதை ஊரே சொல்லும், ஆனா என் வாயில பொய் வராது.

அது ஐப்பசி பொறக்கப்போற நேரம். எங்க பக்கம் ஆறும் கெடையாது வாய்க்காலும் கெடையாது, மழை வர்றதுக்கு முந்தியே காஞ்ச புழுதியில நெல்லை விதைச்சுப்போட்டு, எறும்பு தின்னு தீக்கிறதுக்குள்ள மழை வந்துரணும் சாமின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே திரியிற சனம் நாங்க, அதனால அன்னைக்கும் ஊரே அண்ணாந்து மேகத்தைத் தேடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, மேகம் வர வேண்டிய எடத்துல அது வந்துச்சு. வெள்ளை வெளேர்னு, ரெண்டு பேர் உக்கார்ற அளவுக்குச் சின்ன விமானம், மூக்குல இருக்கிற காத்தாடி சுத்தாம நிக்க, சத்தமே இல்லாம, எங்க ஓட்டு வீடுகளுக்கு மேல, பள்ளிக்கூடத்துக்கு மேல, காளி கோயிலுக்கு மேல சறுக்கிக்கிட்டே வந்து, தண்ணியில்லாம வெடிச்சுக் கெடந்த கண்மாய்க்குள்ள இந்தா எறங்கப் போகுது, இந்தா எறங்கிருச்சுன்னு எல்லாரும் நெஞ்சுல கைவச்ச நேரத்துல, முன்னாலயும் போகாம கீழயும் வராம நின்னுருச்சு. ஆடுக ஒரு தடவை தலையைத் தூக்கிப் பாத்துட்டு மறுபடியும் மேய ஆரம்பிச்சிருச்சு.

நாங்க ஓடிப் போயி கீழ நின்னோம். கதவு தொறந்து ஒரு பொம்பளப் பிள்ளை தலையை நீட்டுச்சு. காதுல பெரிய ஹெட்போன், மூஞ்சியில ரத்தமே இல்லை.

"ஏத்தா, யாரு நீ?"ன்னு நான்தான் சத்தம் போட்டேன்.

"பைலட்டுக்குப் படிக்கேன்க்கா. எஞ்சின் நின்னுட்டு."

"நின்னா எறங்க வேண்டியதுதான?"

"எறங்கத்தான் பாக்கேன்க்கா. எறங்க மாட்டேங்கு."

சரிதான்னு நாங்களும் ஒத்துக்கிட்டோம். எங்க ஊர் பஸ்ஸே நிக்க வேண்டிய எடத்துல நிக்காது, கையைக் காட்டினா ரெண்டு பனைமரம் தள்ளிப் போயித்தான் நிக்கும், ஒரு விமானம் எறங்க வேண்டிய எடத்துல எறங்கலைன்னா அதுல என்ன அதிசயம் இருக்கு சொல்லுங்க.

பேரு இமெல்டா, ஊரு மணப்பாடு, கடக்கரைப் பிள்ளை. தனியா ஓட்டிப் பழகுறதுக்காகக் கெளம்பி வந்திருக்கா. நடுவானத்துல ஆயில் பிரஷர் எறங்கி, எஞ்சின் ரெண்டு இருமல் இருமி நின்னுருச்சாம். எஞ்சின் நின்னாலும் விமானம் கல்லு மாதிரி விழுந்துறாதாம், சறுக்கிக்கிட்டே வருமாம், அதுக்குள்ள திறந்தவெளி பாத்து எறக்கிறணுமாம், மேலருந்து பாத்தா சுத்துப்பட்டு முழுக்கக் கருவேலங்காடு, எங்க கண்மாய் ஒண்ணுதான் பளிச்சுனு தெரிஞ்சிருக்கு. ரேடியோவுல ஆபத்துன்னு சொல்லி, பெல்ட்டை இறுக்கி, கதவுப் பூட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டு, எல்லாம் வாத்தியார் சொல்லிக்குடுத்தபடியே செஞ்சிருக்கா. "எறங்குறது மட்டும்தான்க்கா பாக்கி"ன்னு சொல்லி அழுதா. பனையேறி ஒருத்தரை மேல ஏத்தி அவ கையைப் பிடிச்சு எறக்கிறலாம்னு பாத்தோம், கை வெளிய வருது, தலை வெளிய வருது, கால் மட்டும் கதவைத் தாண்டலை. வலிக்குதான்னு கேட்டா வலிக்கலைங்கிறா, யாரும் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கான்னா இல்லைங்கிறா, வரலை, அவ்வளவுதான்.

ஆபீசருமாரு வராம இருப்பாகளா, வந்தாக. தாசில்தார் வந்தாரு, தீயணைப்பு வண்டி வந்துச்சு, ஏணியை நீட்ட நீட்ட விமானம் அம்புட்டுக்கு அம்புட்டு மேல போச்சு, ஏணியை மடக்கினதும் பழைய எடத்துக்கே வந்து நின்னுச்சு. கிரேன் ஒண்ணு வந்து கண்மாய் வெடிப்புல மாட்டிக்கிட்டு, அதை எடுக்க இன்னொரு கிரேன் வந்துச்சு. டிவிக்காரங்க கேமராவை வச்சுக்கிட்டு ராவும் பகலும் உக்காந்து பாத்தாக, விமானம் நின்னுச்சு, நின்னுச்சு, நின்னுக்கிட்டே இருந்துச்சு, அசையாததை எத்தனை நேரம் காட்டுவாக, என் கடையில எல்லா வடையையும் தின்னு தீத்துட்டுக் கெளம்பிட்டாக. மேலிடத்துல ஆலோசிக்கிறாகன்னு தாசில்தார் சொன்னாரு. வானத்துல நின்னுபோன எஞ்சினை ஒரு ஆளு தொட்டுப் பாக்கணும்னா மொதல்ல அது தரைக்கு வரணும், தரைக்கு வரணும்னா எஞ்சின் வேலை செய்யணும், இதை அவுக ரொம்ப நாளைக்கு ஆலோசிப்பாகன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

ஆனா பிள்ளைக்குப் பசிக்கும்ல. தொரட்டிக் கம்புல சோத்துப் போசியைக் கட்டிப் பனையேறி நீட்டுவாரு, அவ வாங்கிக்கிருவா. காலையில என் இட்லி, மத்தியானம் நாளுக்கொரு வீட்டுச் சோறு, சாயந்திரம் சுக்குக் காப்பி. அவ போன் சார்ஜ் எறங்குனா அதையும் கயித்துல கட்டி எறக்கி, பள்ளிக்கூடத்துல சார்ஜ் போட்டு ஏத்திவிடுவோம், அவ மணப்பாட்டுக்குப் பேசி அம்மாவைச் சமாதானப்படுத்துவா. குளிக்கிறது, மறைவு கட்டுறது, மத்ததெல்லாம் பொம்பளைக நாங்க பாத்துக்கிட்டோம், அதை ஆம்பளைகளுக்கு வெளக்கத் தேவையில்லை. வெயிலுக்குக் கண்ணாடியில கட்டச் சேலை போச்சு, குளிருக்குப் போர்வை போச்சு, பேன் சீப்பு வரைக்கும் போச்சு. அந்தப் போர்வை புதுசு, மடிப்புக்கூடக் கலையலை, அதைக் குடுத்துவிட்டது என் பக்கத்து வீட்டுப் பூச்செண்டு.

பூச்செண்டைப் பத்திச் சொல்லிறணும். ஊரே கண்மாய்க்கு ஓடுன அன்னைக்கு ஓடாதவ அவ ஒருத்திதான். வாசல்ல உக்காந்து சட்டி வெளக்கிக்கிட்டே இருந்தா, அண்ணாந்துகூடப் பாக்கலை. கல்யாணமான மறுவருசமே அவ புருசன் கருமலையான் சவுதிக்கு ஆடு மேய்க்கப் போனான். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நாங்க வேன் வச்சுப் போயி அனுப்பி வச்சோம், கம்பிக்கு வெளிய நின்னு அந்த விமானம் புள்ளியாகுற வரைக்கும் பூச்செண்டு பாத்துக்கிட்டே நின்னா. அதோட சரி. ஆளும் வரலை, சேதியும் வரலை. அனுப்பின ஏஜென்ட்டு கடையைப் பூட்டிட்டு ஓடிட்டான், அங்கிட்டுப் போன நம்ம ஆளுகளைக் கேட்டா பாத்தேன்னவனும் இல்லை, செத்தான்னவனும் இல்லை. அன்னையிலிருந்து அவ விமானச் சத்தம் கேட்டா வீட்டுக்குள்ள போயிருவா. சத்தமில்லாம ஒண்ணு வந்து தலைக்கு மேலயே நிக்கும்னு அவ கண்டாளா. அப்படியிருந்தும் மொத நாளு சோறும் அவளோடதுதான், கொழம்பை ஊத்தி என் கையில குடுத்து, "குடுத்துரு, எம்பேரைச் சொல்லாத"ன்னா.

இப்படியே போயிக்கிட்டிருக்கையில எங்க ஊராட்சித் தலைவர் அய்யாத்துரைக்கு ஒரு யோசனை தோணுச்சு. வந்த பிள்ளைக்கு ஊர் சார்பா ஒரு வரவேற்பு குடுக்கலையேன்னு மைக் செட்டு கட்டி, ரெண்டு குழாயைப் பனையில ஏத்தி, பொன்னாடையைத் தொரட்டியில மாட்டி, "மூக்கூரணி ஊராட்சி மன்றத்தின் சார்பாகவும் என் சார்பாகவும் வருக வருக என வரவேற்பதில்"னு ஆரம்பிச்சாரு பாருங்க, விமானம் விருட்டுனு ஒரு ஆள் ஒசரம் மேல போயிருச்சு. பொன்னாடை எட்டலை. இமெல்டா உள்ளருந்து அலறுனா. தலைவர் மைக்கை அமத்திட்டு, "நான் என்ன தப்பாப் பேசிட்டேன்?"னு எல்லாரு மூஞ்சியையும் பாத்தாரு, யாருக்கும் தெரியலை.

தெரிய வச்சது சாத்தையா. ஆட்டுக்காரர், கெடை போடுறதுக்குக் கமுதிப் பக்கம் போயிருந்தவரு, நடந்த கதை எதுவும் தெரியாம ஆட்டை ஓட்டிக்கிட்டுக் கண்மாய் வழியா வந்தாரு. வந்தவரு அண்ணாந்தாரு, மேல ஒரு பிள்ளை உக்காந்திருக்கிறதைப் பாத்தாரு, தோள்ல கெடந்த துண்டைச் சரிபண்ணிக்கிட்டு, "வாத்தா, வா. எப்ப வந்த? வீட்ல எல்லாரும் சொகமா?"ன்னு கேட்டுட்டு அவரு பாட்டுக்கு நடந்து போயிட்டாரு.

விமானம் ஒரு சாண் எறங்குச்சு.

எறங்கினதைக் கண்ணால பாத்த நாங்க அம்புட்டுப் பேரும் வாயில துணியை வச்சுக்கிட்டோம். அட கூறுகெட்ட ஊரே! சோறு குடுத்தோம், சேலை குடுத்தோம், போனுக்குக் கரண்டு குடுத்தோம், 'வா'ன்னு ஒருத்தராவது சொன்னமா? நான் சொல்லியிருப்பேன்னு அவ நெனச்சிருக்கா, அவ சொல்லியிருப்பான்னு இவுக நெனச்சிருக்காக, யாருமே சொல்லலை. அந்தப் பிள்ளைகிட்ட நான் பேசின மொதப் பேச்சே 'யாரு நீ'ங்கிறது. வெக்கமாப் போச்சு எனக்கு. வேற ஊர்னாலும் பரவாயில்லை, இது மூக்கூரணி. எங்க ஊர்ல ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தா அந்த வீட்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் தனித்தனியா 'வாங்க' சொல்லணும், விருந்தாளி ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா 'வந்தேன்'னு சொல்லணும், ஒரு ஆள் விட்டாலும் வந்தது வராததுக்குச் சமம். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை ஒருத்தரு, காணாமப்போன கெடாயைத் தேடிப் போன மச்சினன் திரும்பி வந்து 'வாங்க மச்சான்' சொல்ற வரைக்கும் பொண்டாட்டியோட வாசல்லயே நின்ன ஊரு இது. உள்ள பந்தி நடந்து முடிஞ்சிருச்சு, அவரு அசையலையே. சார்பாச் சொல்றதெல்லாம் எங்ககிட்ட செல்லாது, அது விமானத்துக்கே தெரிஞ்சிருக்கு, தலைவருக்குத் தெரியலை.

அப்புறம் கேக்கணுமா. மறுநாள் விடியிறதுக்குள்ள கண்மாய்க்குள்ள வரிசை நின்னுருச்சு. நான்தான் மொதல்ல போயி, "வா இமெல்டா, இத்தனை நாளாச் சொல்லலை, மனசுல வச்சுக்கிறாத"ன்னேன், "வந்தேன்க்கா"ன்னா, ஒரு சாண் எறங்குச்சு. ஒவ்வொருத்தரா வந்தாக, வாம்மான்னாக, வா தாயின்னாக, பள்ளிக்கூட டீச்சரு வாங்கன்னாரு, தலைவர் மைக் இல்லாம வந்து, தொண்டையைச் செருமிக்கிட்டு, வெறும் வாயால "வாம்மா"ன்னாரு, அதுக்கு ஒண்ணரைச் சாணு எறங்குச்சு, மனுசனுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. கைப்பிள்ளைக கையைத் தாய்மாரு பிடிச்சு ஆட்டினாக. வாய் பேச வராத நாச்சம்மா ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டா, அதையும் விமானம் ஏத்துக்கிச்சு. எங்க ஊர்ப் பலசரக்குக் கடைக்காரன் மட்டும் போன்ல பேசிக்கிட்டே "வா வா"ன்னு கையை ஆட்டிட்டுப் போனான், துளி அசையலை, பிடிச்சு இழுத்துட்டு வந்து போனை வாங்கி வச்சுக்கிட்டு மறுபடி சொல்ல வச்சோம். இப்படி ஊரே சொல்லச் சொல்ல அது பனங்கழுத்துல இருந்து பனைநடுவுக்கு, பனைநடுவுல இருந்து ஓட்டுக்கூரை ஒசரத்துக்கு, கூரையில இருந்து கையைத் தூக்கினா சக்கரம் தட்டுப்படுற ஒசரத்துக்கு வந்துச்சு, வந்து நின்னுருச்சு. வரிசையில ஆள் இல்லை. யாரு பாக்கின்னு யாரும் கேக்கவும் இல்லை.

கருமலையான் போன அன்னைக்குப் பூச்செண்டு ஒரு நேத்தி வச்சிருந்தா. அவன் வாசல்ல வந்து நிக்கையில அவனுக்குத்தான் சொல்லணும், அதுவரைக்கும் வேற யாருக்கும் 'வாங்க'ங்கிற வார்த்தை தன் வாயில இருந்து வராது, அது வராம இருக்கிற வரைக்கும் அவன் உசுரோட இருப்பான்னு. யாரும் வந்தா சிரிப்பா, பாய் விரிப்பா, சொம்புல தண்ணி கொண்டாந்து நீட்டுவா, வார்த்தை மட்டும் வராது. நாங்களும் சொம்பை நீட்டினாலே சொன்னதா எடுத்துக்கிட்டுப் பழகிட்டோம். எங்களுக்குத் தெரியும், விமானத்துக்கு எப்படித் தெரியும்? நாச்சம்மா கும்பிட்டதை அது ஏத்துக்கிட்டது அவகிட்ட வேற இல்லைங்கிறதால. பூச்செண்டுகிட்ட இருந்துச்சே.

இதுக்கு நடுவுல வடகிழக்கால மேகம் கட்ட ஆரம்பிச்சிருச்சு. ஒவ்வொரு வருசமும் அந்த மேகத்துக்குத்தான் நாங்க உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் காத்துக்கெடப்போம், புழுதிக்குள்ள விதைநெல்லு கெடக்கு, இன்னும் கொஞ்சம் தாமசமானா மொளைக்கிற தெம்பு போயிரும். ஆனா காத்துமழை வந்தா அந்தரத்துல எஞ்சின் இல்லாம நிக்கிற அந்த விமானத்தை அது எங்க கொண்டுபோயி மோதும்? மழை வேணும்னு வீடு வீடா அரிசி வாங்கி மழைக்கஞ்சி காய்ச்சின அதே பொம்பளைக, அதே காளி வாசல்ல போயி நின்னு, "ஆத்தா, கொஞ்சம் பொறுத்துக்க, பிள்ளை எறங்கட்டும்"னு வேண்டுனோம். மழையை வராதன்னு கும்பிட்ட பாவிக ராமநாதபுரம் சீமையில நாங்களாத்தான் இருப்போம்.

ஊர் கூடுச்சு. ஒருத்தன், "ஒரு பொம்பளை பிடிவாதத்துக்கு ஒரு உசுரு போகணுமா"ன்னான். இன்னொருத்தன், "கருமலையான் செத்து மண்ணாப் போயி எத்தனை வருசமிருக்கும்"னான். எவன்டா அவன்னு கையில இருந்த கரண்டியோட எந்திரிச்சேன், அடங்கிட்டான். அடக்கிட்டு நானே நேரா அவ வீட்டுக்குத்தான் போனேன், என் புத்தி அப்படி.

"உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்காடி?"ன்னேன்.

உலையில அரிசி போட்டுக்கிட்டிருந்தா. அதுவும் அந்தப் பிள்ளைக்குத்தான். "நீ கேக்குறது ஒரு வார்த்தை இருளாயி. எனக்கு அது ஒரு வார்த்தை இல்லை. அவுகளுக்குன்னு என்கிட்ட வேற என்ன இருக்கு? பிள்ளை இல்லை. ஒரு நல்ல போட்டோ இல்லை. இந்த ஒண்ணை வச்சுக்கிட்டுத்தான் காலையில எந்திரிக்கிறேன். இதை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுத்துட்டா, அவுக இனிமே வரமாட்டாகன்னு நானே சொன்னதா ஆயிரும். ஊரு சொல்லட்டும். நான் எப்படிடி சொல்லுவேன்?"

குனிஞ்சு அடுப்பை ஊதிவிட்டேன். நான்! ஊர்ச்சண்டை எல்லாத்துலயும் மொத ஆளாப் பேசுறவ! அடுப்புப் புகை ரெண்டு பேரு கண்ணுலயும் ஏறிக்கிட்டிருந்துச்சு. சோத்தை வடிச்சு அவ போசியில போட்டுக் குடுத்தா, நான் வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

விமானம் இப்ப கையெட்டுற ஒசரத்துல நின்னதால ஊர்ல பேசுறதெல்லாம் இமெல்டா காதுல விழுந்துச்சு. யாரும் அவகிட்ட சொல்லலை, அவளே வெளங்கிக்கிட்டா. நான் போசியை நீட்டுனப்ப வாங்காம, "அக்கா, அந்த அக்காட்ட ஒண்ணு சொல்லுங்க. அவங்க சொல்ல வேண்டாம். நான் இப்படியே இருந்துக்கிடுதேன். எங்க அப்பா கடலுக்குப் போயிட்டு வர நேரமாச்சுன்னா எங்க அம்மா வாசல் வெளக்கை அணைக்க மாட்டா, எவ்வளவு சொன்னாலும் அணைக்க மாட்டா. எனக்குத் தெரியும்க்கா"ன்னா. சொல்லிட்டுச் சோத்தை வாங்கி ஒரு பருக்கை விடாமத் தின்னா. அவ சொன்னதை அப்படியே கொண்டுபோயிப் பூச்செண்டுகிட்ட சொன்னேன். வாசல்ல வந்து நின்னு, இத்தனை நாள்ல மொதத் தடவையா, கண்மாய்ப் பக்கம் தலையைத் தூக்கிப் பாத்தா.

காளி எம்புட்டு நாளைக்குத்தான் பொறுப்பா, அவளுக்கும் ஊர் உலகம் இருக்குல்ல. மறுநாள் மத்தியானம் வானம் கருக்கிக்கிட்டு வந்து காத்து கெளம்பிருச்சு. ஆம்பளைக விமானத்துச் சக்கரத்துல வடத்தைப் போட்டு இழுத்துப் பிடிச்சாக, தேர்வடம்தான், வேற எந்தக் கயிறும் தாங்காது. காத்து அதைத் திருப்புது, இவுக இழுக்க, அது இவுகளையும் சேத்து இழுக்க, ஒரு பக்கத்து ரெக்கை பனையில ஒரசி மட்டையெல்லாம் பிச்சுக்கிட்டு விழுது, உள்ளருந்து அந்தப் பிள்ளை "மாதாவே, மாதாவே"ன்னு கத்துறா, மொதத் தூத்தல் புழுதியில விழுந்து மண்வாசம் கெளம்புது, அந்த வாசத்துக்கு வருசம் முழுக்க ஏங்குற நாங்க அன்னைக்கு அது மூக்குல ஏறினதும் வயித்துல அடிச்சுக்கிட்டு அழுதோம்.

அப்பத்தான் பூச்செண்டு வந்தா. தலைமுடி அவுந்து கெடந்துச்சு, கையில தண்ணிச் சொம்பு இருந்துச்சு. விமானத்துக்கிட்ட வரலை, கொஞ்சம் தள்ளி நின்னு, சவுதி இருக்கிற மேக்க பாத்துத் திரும்பிக்கிட்டா. காத்துச் சத்தத்துக்கு மேல கத்தித்தான் பேசினா, அதனால எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு.

"இந்தாங்க, கேக்குதா? நான்தான் பேசுறேன். உங்களுக்குன்னு ஒரு வார்த்தை வச்சிருந்தேன். ஒருத்தருக்கும் குடுக்காம வச்சிருந்தேன். இப்ப ஒரு பிள்ளைக்கு அது வேண்டியிருக்கு, குடுக்கப் போறேன். வந்தீகன்னா கோவிச்சுக்கிறாதீக. வரலைன்னா..."

சொம்போட விமானத்துக்கு நேரா நடந்து போனா. காத்துல ஆடுற அந்த ரெக்கைக்குக் கீழ நின்னு, அண்ணாந்து, மழை மூஞ்சியில அடிக்க, "வா தாயி. வா. உள்ள வா"ன்னா. அவ தொண்டையில அந்த வார்த்தை கரகரன்னு வந்துச்சு, அவளுக்கே புதுசா இருந்திருக்கும்.

விமானம் எறங்குச்சு. கோழி அடையில உக்கார்ற மாதிரி, அப்படி இப்படி ஒரு அசைவு அசைஞ்சு, சக்கரத்தை ஈரமண்ணுல வச்சு உக்காந்துருச்சு. கயித்தைப் பிடிச்சிருந்த ஆம்பளைக அம்புட்டுப் பேரும் பின்னால விழுந்தாக. இமெல்டா கதவைத் தொறந்தா, தொறந்தவ உடனே எறங்கலை, பூச்செண்டைப் பாத்து, "வந்துட்டேன்க்கா"ன்னு பதில் சொன்னா, சொல்லிட்டுத்தான் காலை வெளிய வச்சா. கால் வந்துச்சு. இத்தனை நாளு மடக்கியே வச்சிருந்த காலு, நிக்கத் தெம்பில்லாம அவ மேலயே சரிஞ்சு விழுந்தா.

பூச்செண்டு அவளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதா. அழுகைன்னா அப்படி ஒரு அழுகை. அது அந்தப் பிள்ளைக்காக அழுத அழுகை இல்லைன்னு பொம்பளைக எங்களுக்குக் கேட்டவுடனே தெரிஞ்சுபோச்சு, ஒவ்வொருத்தியாப் போயிச் சேத்துல உக்காந்து, அவ தோள்ல கையப் போட்டு, வருசக்கணக்கா அழாம விட்ட கருமலையானுக்கு அன்னைக்கு மழைக்குள்ள ஒப்பாரி வச்சோம். ஆம்பளைக தோள்ல கெடந்த துண்டை எடுத்துக் கையில பிடிச்சுக்கிட்டுச் சுத்தி நின்னாக. அந்த ஆள் யாரு, கருப்பா செவப்பான்னுகூடத் தெரியாத இமெல்டாவும் எங்களோட சேந்து அழுதா. தாலியை என்ன செய்யணும்னு சில பெருசுக மொனங்குச்சுக. அது அவ கழுத்து, அவ பாத்துக்கிருவா, நீங்க வாயை மூடுங்கன்னு சொல்லிட்டேன்.

ராத்திரி பூச்செண்டு வீட்லதான் அந்தப் பிள்ளை படுத்துச்சு. மறுநாள் பைலட் பள்ளிக்கூடத்துல இருந்து ஆளுக வந்து ரெக்கையைக் கழட்டி விமானத்தை லாரியில ஏத்துனாக, எஞ்சினைத் தொறந்து பாத்துட்டு ஏதோ ஒரு ஆயில் குழாய் விட்டுப்போயிருக்குன்னு சாதாரணமாச் சொன்னாக. இமெல்டாவை மணப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு காரு வந்துச்சு. ஊரே விலக்குக்கு வந்து நின்னுச்சு. அவ ஒவ்வொருத்தர் கிட்டயும் தனித்தனியா "போயிட்டு வாரேன்"னா, அதுக்கே வெகு நேரம் ஆச்சு, டிரைவருக்கு ஒண்ணும் வெளங்கலை. கடைசியா பூச்செண்டுகிட்ட வந்தா.

"போயிட்டு வாரேன்க்கா. லைசென்ஸ் வாங்கினதும் உங்களைப் பாக்க வருவேன்."

பூச்செண்டு அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. "வா. வராட்டியும் பரவாயில்லை தாயி. சோலி இருக்கும், மறந்துரும், நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். வீடு சேந்ததும், சேந்துட்டேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிரு. அது போதும் எனக்கு."

பூச்செண்டுகிட்ட போன் கெடையாது, என் நம்பரைத்தான் அந்தப் பிள்ளை வாங்கிக்கிட்டா. காரு போச்சு. மழை விட்டு விட்டுப் பெஞ்சுக்கிட்டே இருந்துச்சு, நான் கடையைத் தொறந்து அடுப்பைப் பத்த வச்சேன், ஒண்ணும் ஓடலை, மாவு புளிச்சது கூடத் தெரியலை. பூச்செண்டு கடைக்கு வரலை. வந்து உக்காந்து காத்துக்கெடக்க அவளுக்குப் பயம்னு எனக்குத் தெரியும்.

சாயந்திரம் போன் அடிச்சுச்சு. மணப்பாட்டு நம்பர்தான். நான் எடுக்கலை. அது எனக்கு வந்த வார்த்தை இல்லையே. அடிக்கிற போனை முந்தானையில மறைச்சுக்கிட்டு, நின்னுறாத, நின்னுறாதன்னு அதுகிட்ட சொல்லிக்கிட்டே மழைக்குள்ள ஓடினேன், ஓடிப் போயி அமுக்கி அவ காதுல வச்சேன்.

"அக்கா, வீட்டுக்கு வந்து சேந்துட்டேன்க்கா."

பூச்செண்டு போனை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தா. காதோட இன்னும் அமுக்கி வச்சுக்கிட்டா. அப்புறம், "சரி தாயி. சரி. சாப்பிட்டியா?"ன்னா. அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, "சரி"ன்னா. போனை என் கையில குடுத்துட்டு, மழையில தலைக்கு ஒண்ணும் போட்டுக்காம வெளிய எறங்கினா.

ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போயி நின்னு சொன்னா. தலைவர் வீட்ல சொன்னா, சாத்தையா வீட்ல சொன்னா, நாச்சம்மாவுக்குச் சைகையில சொன்னா, பலசரக்குக் கடையில சொன்னா. பூட்டிக் கெடந்த வீட்டு முன்னாலயும் நின்னு சொல்லிட்டுத்தான் நகந்தா. தெருவைச் சுத்தி முடிச்சுக் கடைசியா என் வாசலுக்கு வந்தா. போன் என்னோடது, பேசுனப்ப ஒட்டி நின்னவ நான், இருந்தாலும் நனைஞ்சுபோயி என் வாசல்ல வந்து நின்னு, மூச்சு வாங்க, "ஏ இருளாயி, பிள்ளை வீடு சேந்துருச்சாம்"னு சொன்னா.

நானும் அப்பத்தான் கேக்குற மாதிரி, "அப்படியா? நல்லதாப் போச்சு"ன்னு சொன்னேன்.